யார் முகத்தை யார் வரைவது

ஏணி என்பது அவளுக்குப் பட்டப்பெயர். பதினாறு வயதில் கடைப் பலகை எழுத ஏறியவள், நாற்பதைத் தாண்டியும் இறங்கவில்லை. "பெயிண்டு வேணுமா, நான் வேணுமா?" என்று கேட்ட புருஷனிடம், "போறப்ப கதவைச் சாத்திட்டுப் போ" என்றவள். வாய்த்துடுக்கு அப்படி.

சந்தைச் சுவருக்கு இந்தப் பக்கம் அவளுடைய ஆட்கள், அந்தப் பக்கம் தாடி என்ற இன்னொரு பெயிண்டரின் ஆட்கள். சாமி வேறு, வீட்டுப் பேச்சு வேறு, வெட்டுக்குத்து மட்டும் பொது. தாடியும் அவளும் சேர்ந்தே தொழில் செய்தவர்கள். அந்தச் சுவரில் இரண்டு பக்கத்து முகங்களையும் வரையும் வேலை வந்ததும் தாடி சொன்னான்:

"அவங்கவங்க ஆளை அவங்கவங்க வரைஞ்சா பவுடர் பூசிவிட்டுட்டுப் போயிடுவோம். உன் ஆளுங்களை நான் வரையறேன், என் ஆளுங்களை நீ வரை. தெரியாததைக் கேட்டுத்தானே ஆகணும்?"

கேட்டார்கள். கேட்கக் கேட்கச் சண்டைதான். "எங்க ஆளுக்கு இவ்ளோ பெரிய மூக்கா?" என்று அவன் கத்துவான். "இருக்கிறதைத்தானே போடுறேன்!" என்பாள் இவள்.

செத்துப்போன அவள் அம்மாவையும் அவன்தான் வரைந்தான். இருந்தது ஒரே ஒரு அடையாள அட்டைப் படம், அதிலும் முறைப்பு. "சிரிச்சா எப்படி இருப்பாங்க?" என்று கேட்டான். முன்பல் பாதி உடைந்திருக்கும், இடது கண் மூடிக்கொள்ளும் என்று இவள் சொல்லச் சொல்ல, அழித்து அழித்து வரைந்தான். கடைசியில் சாரத்தின் மேலேயே உட்கார்ந்து, "போதும்டா பாவி" என்று அழுதுவிட்டாள்.

திறக்கும் நாள்வரை சுவரைச் சாக்குத்துணியால் மூடி வைத்தார்கள். முகங்களை மாற்றிக்கொண்ட விஷயத்தை யாரிடமும் மூச்சு விடவில்லை. "திறக்கிற அன்னிக்கு எல்லாரும் முழிக்கட்டும்" என்று அவளுக்கு ஒரு குஷி. அந்தக் குஷியில் மண் விழ!

திறப்பதற்கு முந்தின நாள் சந்தையில் கத்திக்குத்து. செத்தவன் அவள் தம்பியின் கூட்டாளி, குத்தியவன் அந்தப் பக்கத்து ஆள். மத்தியானமே தம்பி கடப்பாரையோடு வந்தான், பின்னால் நாலு பேர். சாரத்தின் காலை இழுத்தார்கள். மேலே நின்ற தாடி பொத்தென்று கீழே விழுந்தான். குறுக்கே பாய்ந்தவளின் வாயில் ஒருவன் முழங்கையால் இடித்து, அப்படியே பொத்திப் பிடித்துக்கொண்டான்.

"வரையற கைதானே இது?" என்று தம்பி தாடியின் வலது மணிக்கட்டில் மிதித்து நின்றான். கடப்பாரை இறங்கியது. இரண்டாம் தடவையும் இறங்கியது. எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது.

அப்புறம் தம்பி, தாடி வரைந்த பாதிக்குப் போனான். "அவனுங்க மூஞ்சி ஒண்ணு மிஞ்சக் கூடாது!" சாக்கின் மேலேயே குத்தினான். காரை பாளம் பாளமாகப் பெயர்ந்தது. பொத்தியிருந்த கையை அவள் ரத்தம் வரக் கடித்து உதறினாள்.

"டேய், அது அம்மாடா!"

அவன் நம்பவில்லை. சாக்கைப் பிடித்து இழுத்தான்.

நெற்றி இல்லை, வலது கண் இல்லை. மூடிய இடது கண் இருந்தது. அதற்குக் கீழே, பாதி உடைந்த பல்லோடு அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து அவனுக்கு வருஷக்கணக்காகிவிட்டது. கடப்பாரை கையிலிருந்து நழுவியது.

"அக்கா... இதை யாரு வரைஞ்சா?"

தாடியின் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, அவள் அவனைக் காட்டினாள்.

தம்பி மண்டியிட்டான். "திரும்ப வரையச் சொல்லுக்கா. கால்ல வேணா விழறேன். வரையச் சொல்லு."

அவள் வாயில் ஊறிய ரத்தத்தைத் துப்பினாள்.

"எந்தக் கையாலடா?"