கன்னி மூலைக் கிணறு

"ஈசானி மூலையில தண்ணி இல்லைன்னா அந்த மனைக்கு அடியில தண்ணியே கெடையாதுங்க. பூமாதேவியே வந்து சொன்னாலும் நான் வேற மூலையில கடப்பாரை போட மாட்டேன்."

முப்பத்தேழாம் வருஷத்துக் கோடையில், காரிமங்கலம் சந்தையில், கிணறு வெட்டும் தீர்த்தகிரி வெளியிட்ட பிரகடனம் இது. பூமாதேவி அன்று சந்தைக்கு வரவில்லை. ஆகவே மறுப்பு ஏதும் எழவில்லை.

தீர்த்தகிரியைச் சாதாரண மனிதர் என்றால் கோபித்துக்கொள்வார். மெதுவாகச் சொல்கிறேன், சாதாரண மனிதர்தான். வீட்டு மனைகளில் கிணறு வெட்டுவது தொழில். வடகிழக்கு மூலைக்குப் போய்க் குதிகாலால் ஒரு வட்டம் போடுவார். தண்ணீர் வந்தால் ஈசானியின் மகிமை. வராவிட்டால் மனைக்காரரின் பூர்வஜன்ம வினை. இப்படிப்பட்ட தொழிலில் தோற்பதற்குத் தனித் திறமை வேண்டும்.

அந்தத் திறமை அவருடைய சொந்த மனையில் வெளிப்பட்டது. தென்மேற்கே ஒரு கரடு. அதன் சரிவில் வீடு. மனையின் குறுக்கே, புதைந்த எருமையின் முதுகைப் போல, ஒரு கரும்பாறை வரிசை ஓடியது. அதற்குக் கீழ்ப்புறம் ஈசானி மூலை. கோடைக்குக் கோடை அங்கே வெட்டினார். மண் வந்தது, சுக்கான்கல் வந்தது, பாறை வந்தது, பாறைத்தூசியில் இருமலும் வந்தது.

மனைவி ராமக்காள் தொலைவில் இருந்த ஓடை ஊற்றுக்கு நடந்து நடந்து சும்மாடு வைத்த தலை காய்த்துப் போனவள். ஒரு நாள் காலை மூட்டை கட்டினாள்.

"உங்க ஈசானியோட நீங்களே குடும்பம் பண்ணுங்க. நான் பொம்மிடிக்கு எங்க அண்ணன் வூட்டுக்குப் போறேன். அங்க ரயிலு எஞ்சினுக்கே தண்ணி குடுக்கறாங்க. நீங்க கெணறு வெட்டிட்டுச் சொல்லியனுப்புங்க."

தீர்த்தகிரி ஆத்திரத்தில் குழிக்குள் இறங்கினார். ஈசானியைத் திட்ட மனம் வரவில்லை. பக்கச் சுவராய் நின்ற கரும்பாறையை உளியால் குடைந்தார். உளி மறுபுறம் போனதும் துளை நனைந்தது. பிறகு விரல் தடிமனுக்கு ஒழுகியது. பாறை ஏரிக்கரை மாதிரி நின்று, கரட்டிலிருந்து மண்ணுக்குள் இறங்கி வந்த நீரையெல்லாம் மேல்புறத்திலேயே மறித்து வைத்திருந்தது. மேல்புறம் என்றால் தென்மேற்கு. கன்னி மூலை.

கன்னி மூலையில் பள்ளம் தோண்டினால் வீட்டுத் தலைவன் போய்ச் சேருவான் என்பது சாஸ்திரம். ஊருக்கெல்லாம் அதை முழங்கியவரும் இவரே.

பக்கத்து மனைப் பையன் மாது எட்டிப் பார்த்து யோசனை சொன்னான். "மாமா, வூட்டைப் பிரிச்சு அந்தாண்ட மேட்டுல கட்டிக்கங்க. அப்பறம் இந்த எடமே ஈசானி ஆயிரும். சாஸ்திரமும் வாயத் தொறக்காது."

தீர்த்தகிரி தம் கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். உண்மையாகவே யோசித்தார் என்று தெரிகிறது.

"அதுக்குள்ள அவ அண்ணன் வூட்டுலயே கெழவி ஆயிருவாடா," என்றார். கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு கன்னி மூலைக்கு நடந்தார்.

அங்கே நைந்த பாறை பொரியுருண்டை மாதிரி உதிர்ந்தது. வெட்ட வெட்ட ஈரம், ஈரம் சேறாயிற்று, கடைசிக் குத்தில் ஊற்றுக்கண் திறந்து பீறிட்டதில், வெட்டியவர் வேட்டியை மடித்துக்கொண்டு மேலே ஓடிவர வேண்டியதாயிற்று. மாது பம்பை மேளக்காரர்களைக் கூட்டி வந்தான். ஊரே வந்து எட்டிப் பார்த்தது. தண்ணீர் தித்தித்தது. பொம்மிடிக்கு ஆள் பறந்தான்.

சாஸ்திரப்படி தீர்த்தகிரி காலமாவதற்காகச் சிலர் சுதந்திரம் வரும்வரை மரியாதையோடு காத்திருந்தார்கள். காத்திருந்த வருஷங்களில் தாகத்துக்கு அந்தக் கிணற்றில்தான் இறைத்துக் குடித்தார்கள்.

சேதி கேட்டு வந்த அன்று ராமக்காள் வண்டியை விட்டு இறங்கி நேரே கிணற்றடிக்கு வந்தாள். அது எந்த மூலை என்று பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். தீர்த்தகிரி வாளியை இறக்கி இறைத்து, அவள் குவித்த கைகளில், அவள் போதும் என்னும்வரை ஊற்றிக்கொண்டிருந்தார்.