தவக்காலத்துச் சுடுதண்ணீர்

விடியற்காலையில் என் மனைவியின் விரல்கள் மடங்குவதில்லை. மூட்டுவாதம். ஐந்து நிமிடம் சுடுதண்ணீரில் வைத்தால்தான் ரவிக்கைக் கொக்கிகளை மாட்டுவாள். மாட்டினால்தான் சர்ச்சில் ஆறு மணிப் பூசை. கேஸ் அடுப்பைத் திருக அந்த விரல்களால் ஆகாது. என்னை எழுப்பவும் மாட்டாள், நானாக எழுந்து அடுப்பு மூட்டினாலும் கோபிப்பாள்.

பிரிட்ஜ் மெக்கானிக்கான அவள் தங்கை மகனிடம் சொன்னேன். எங்கள் பிரிட்ஜின் முதுகில் கை வைத்துப் பார்த்தான். "இந்தச் சூடெல்லாம் வீணாச் செவுத்துக்குப் போகுது பெரியப்பா" என்றான். சூட்டை வெளியேற்றும் செம்புக் குழாயை நீட்டி, இருபது லிட்டர் எவர்சில்வர் டிரம்முக்குள் சுற்றிவிட்டான். டிரம்மைச் சுற்றித் தெர்மோகோல் வைத்துக் கட்டினான்.

சக்குபள்ளத்தில் ஏலக்காய் ஸ்டோரில் முப்பத்தொரு வருடம் உலர்த்தும் அறையின் சூட்டைக் குறித்து வந்தவன் நான். டிரம்மிலும் ஒரு தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டேன். தினமும் காலையில் நாற்பத்திரண்டு டிகிரிக்குக் குறையவில்லை.

தவக்காலத்தை மட்டும் நான் கணக்கில் எடுக்கவில்லை. நாற்பது நாளும் எங்கள் வீட்டில் கறி, மீன் கிடையாது. சாம்பல் புதனுக்கு முந்தின நாளே மீனையும் கறியையும் சமைத்துத் தீர்த்துவிடுவது அவள் வழக்கம். பதினேழு பாத்திரம் இருந்த பிரிட்ஜில் நான்குதான் மிச்சம். குளிர்விக்க ஒன்றும் இல்லாததால் மோட்டார் எப்போதாவதுதான் ஓடியது. வெள்ளிக்கிழமை காலை முப்பத்தொரு டிகிரி. அவள் பூசைக்குப் போகவில்லை. தலைவலி என்றாள். கட்டிலில் உட்கார்ந்து விரல்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டிருந்தாள்.

மெக்கானிக்கைப் போனில் பிடித்தேன். "சூடு உள்ள போனாத்தான பெரியப்பா வெளிய வரும்? எதையாச்சும் உள்ள வைங்க."

ஒரு பானைத் தண்ணீரைக் கொதிக்கவைத்து உள்ளே வைத்தேன். பார்த்துவிட்டாள்.

"சுடுதண்ணி வேணும்னு சுடுதண்ணியவே பிரிட்ஜுக்குள்ள வச்சிருக்கீங்களா? உங்கள நம்பியா ஸ்டோர விட்டிருந்தாக?"

"அப்ப ரெண்டு கிலோ கறி வாங்கி வைக்கட்டுமா? திங்க வேணாம். சும்மா இருக்கட்டும்."

"தவக்காலத்துல கறிய வீட்டுக்குள்ள கொண்டுவந்தீங்க, அம்புட்டுத்தான். வெரலு மடங்காட்டிப் போகுது."

பானையை வெளியே எடுத்துவிட்டேன். சனிக்கிழமை முப்பது டிகிரி. அன்றும் தலைவலி.

பக்கத்தில் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், லயம். அங்கிருக்கும் பெண் ஒருத்தி அன்று மதியம் கிரைண்டரில் மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். அவர்கள் இந்துக்கள், வீட்டில் பிரிட்ஜ் கிடையாது. மாவை எங்கள் பிரிட்ஜில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். காரணத்தையும் மறைக்கவில்லை.

அவள் சிரித்தாள். "எங்க மாவுக்கு நோன்பு கெடையாது மாமா. தாராளமா வைக்கிறோம். லயத்துல இன்னும் மூணு வீடு இருக்கு, சொல்லிவிடவா?"

சாயங்காலத்துக்குள் நான்கு வீட்டு மாவு, காய்ச்சிய பால், யாரோ ஒருத்தியின் சாம்பார் என்று ஒன்பது பாத்திரம் வந்து சேர்ந்தது. அரைத்த சூடு மாவில் அப்படியே இருந்தது. ஆளுக்கு ஆள் வந்து பிரிட்ஜ் கதவைத் திறந்தார்கள். இருபத்தாறு தடவை. மற்ற நாளாக இருந்தால் சத்தம் போட்டிருப்பேன். மோட்டார் நிற்காமல் ஓடியது.

ஞாயிறு விடியலில் விழித்தபடியே படுத்திருந்தேன். டிரம் மூடி திறக்கும் சத்தம், வாளியில் தண்ணீர் விழும் சத்தம். பிறகு ஒன்றும் இல்லை. முந்நூறு வரை எண்ணினேன். நானூறு. நானூற்றுப் பத்தில் வாசல் தாழ்ப்பாளை விலக்கினாள்.

"முழிச்சுத்தான கெடக்கீங்க? எந்திரிச்சு வந்து கதவச் சாத்துங்க. மாவெடுக்க வருவாக, சிடுசிடுங்காதீங்க. நான் பூசைக்குப் போறேன்."