கழற்றி வைத்த எக்சல்

எங்களிடம் ஒரு ஜீப் இருந்தது. ஜீப் என்று சொல்வது என் கணவரின் மனம் நோகக்கூடாது என்பதற்காக. அடிச்சட்டம் வெள்ளைக்காரன் காலத்து ஜீப்பினுடையது, எஞ்சின் எங்கோ மோதி நசுங்கிய வான் வண்டியுடையது, உடம்பு தார்ப் பீப்பாய்களை வெட்டி விரித்து ஒட்டியது. முன்விளக்குகளில் ஒன்று மோட்டார் சைக்கிளில் இருந்து வந்தது. ஊரில் அதைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் இல்லை. இரவல் உடுப்பில் வந்த மாப்பிள்ளை என்பார்கள். அவருக்கு அதில் கோபமே வராது. எனக்குத்தான் வரும்.

அந்த ஜீப் எங்கள் வீட்டுச் சண்டை ஒன்றில் பிறந்தது. வீடும் வயலும் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். ஆஸ்பத்திரி வாவிக்கு அந்தப் பக்கம், டவுனில். மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே முட்டு வருத்தம். மாரி தொடங்கினால் நெஞ்சு இழுக்கத் தொடங்கும். முகத்தில் மூடி வைத்து மருந்துப் புகை கொடுத்தால்தான் இறங்கும், அது ஆஸ்பத்திரியில் மட்டும்தான். டவுனில் ஓர் அறை எடுத்துக்கொண்டு போய்விடுவோம் என்று நான் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன். தகப்பன் விதைத்த வட்டையை, அந்த வயல்வெளியை, விட்டுவிட்டு வரமாட்டேன் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில், பிள்ளையை எந்த நேரமும் தோணித் துறைக்குக் கொண்டுபோக ஒரு வாகனம் செய்து தருகிறேன், அதுவரை பொறு என்றார். நான் பொறுத்தேன். எனக்கு வேறு வேலை என்ன.

வாகனம் ஓடியது. மாரியில் ஓடவில்லை. துறைக்குப் போகும் வழி வயல்களுக்கு நடுவே போகிற மண்வரம்பு, மழை பெய்தால் களி. ஒரு பின்சில்லு களியில் இறங்கியதும் அது மட்டும் வேகமாகச் சுற்றிச் சேற்றை வாரி இறைக்கும். மற்றப் பக்கம் இறுகிய மண்ணில் நிற்கிற சில்லு அசையாமல் நிற்கும். ஏன் என்று கேட்டபோது, இரண்டு பின்சில்லுக்கும் நடுவே உள்ள இரும்புக் குண்டைத் தட்டிக் காட்டினார். டிபரன்சல். எஞ்சினின் பலத்தைச் சில்லுகளுக்குப் பங்கு போடுவது அதுதானாம். எந்தச் சில்லுக்குச் சுற்றுவது சுகமோ, அதற்கே எல்லாவற்றையும் கொடுத்துவிடுமாம். எங்கள் இரண்டு குடும்பங்களிலும் பங்கு பிரித்ததும் அப்படித்தான் என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

பிறகு அவருக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. உள்ளே தட்டுகள் அடுக்கிய ஒரு வகை டிபரன்சல் இருக்கிறதாம். ஒரு சில்லு சும்மா சுற்றத் தொடங்கினால் அந்தத் தட்டுகள் இறுக்கிப் பிடித்து, மற்றச் சில்லையும் சேர்த்து இழுக்குமாம். பிடி டிபரன்சல் என்று அவராகவே பெயர் வைத்தார். கல்லோயாவில் அணை கட்டிய காலத்து அமெரிக்க ஜீப் ஒன்று எங்கோ துருப்பிடித்துக் கிடக்கிறது, அதில் அது இருக்கிறது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மாதக்கணக்கில் அலைந்து கொண்டுவந்தார். பூட்டப் போனால் எங்கள் எக்சல்கள் அதற்குள் ஏறவில்லை. டிபரன்சலில் இருந்து சில்லுக்குப் போகிற தண்டுதான் எக்சல். அதன் நுனியில் உள்ள பற்கள் எண்ணிக்கையில் ஒத்தால்தான் உள்ளே போகும். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை.

ஏறாவூரில் லேத்துப் பட்டறை வைத்திருந்த முஸ்லிம் காக்கா ஒருவர்தான் அதைச் சரிப்படுத்தினார். நாங்களும் அவர்களும் ஒருவர் ஊருக்கு ஒருவர் போகப் பயந்த யுத்த காலம் அது. இவரும் காக்காவும் டவுனில் ஒரு தேநீர்க்கடையில் சந்தித்துக் கதைத்தார்கள். பல் ஒத்த ஒரு சோடி எக்சலைத் தேடி எடுத்து, எங்கள் சில்லில் இருந்த ஆறு துளைகளுக்கும் பொருந்தும்படி கடைந்து கொடுத்தார் அந்த மனிதர். இடப்பக்கத்து எக்சல் நீளம், வலப்பக்கத்தது கட்டை. சோதனைச் சாவடியில் அவற்றைத் தட்டிப் பார்த்து, இது என்ன துவக்குக் குழலா என்று கேட்டார்களாம். உழவு இயந்திரத்துச் சாமான் என்று சொல்லி, இவர் வெயிலில் அரைநாள் நின்றுவிட்டு வந்தார்.

பூட்டிய பிறகு ஜீப் களியில் நின்றதே இல்லை. அந்த மாரியின் முதல் இழுப்புக்கு மகளைத் துறைக்குக் கொண்டுபோனபோது, நான் கண்ணை மூடிக்கொண்டிருந்த பள்ளத்தை அது மெதுவாக, ஒரே சீராகக் கடந்தது. எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் உண்மை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த வருடங்களில் வாகனம் வைத்திருந்த ஒவ்வொருவரும் பொழுதுபட முன்னர் அதில் ஏதாவது ஒன்றைக் கழற்றி ஒளித்து வைப்பார்கள். துவக்கு வைத்திருந்தவர்களுக்கு வாகனம் தேவைப்பட்டால் வந்து கேட்பார்கள். அது கேட்பது மாதிரித்தான் இருக்கும். சிலர் பற்றரியைக் கழற்றுவார்கள், ஆனால் வருகிறவர்கள் பற்றரி கொண்டுவருவார்கள். எக்சல் யாரும் கொண்டுவரமாட்டார்கள். அதனால் எங்கள் வழக்கம் வலப்பக்கத்து எக்சல். ஆறு போல்ட்டைக் கழற்றி, தண்டை இழுத்து எடுத்து, துளையைத் தகரத்தால் மூடிவிட்டால் சில்லு இருந்தபடியே இருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. எஞ்சினை எவ்வளவு முறுக்கினாலும் பலமெல்லாம் தண்டில்லாத பக்கத்துக்கே போய் வீணாகும், வண்டி ஓர் அங்குலம் நகராது. அந்த வேலை என்னுடையது. எண்ணெய் சொட்டச் சொட்ட அதைச் சாக்கில் சுற்றி நெல் மூட்டைகளுக்குப் பின்னால் வைப்பேன். என் சீலைகளில் அந்தக் கறை இல்லாதது ஒன்றும் இல்லை. புது டிபரன்சல் பூட்டிய பிறகும் அப்படியே செய்துவந்தேன்.

அவர்கள் ஒரு மாலையில் வந்தார்கள். எந்தப் பக்கத்தார் என்று இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது. அவர் வட்டையில் இருந்தார். எக்சலைக் கழற்றிவிட்டு நான் கையைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஜீப் வேண்டும் என்றார்கள். அது ஓடாது தம்பி, பழுது என்றேன். பார்ப்போம் என்று ஒருவன் ஏறி உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பினான். நான் பயமில்லாமல் நின்றேன். முறுக்கட்டும், களைத்துப் போய் இறங்கட்டும் என்று நினைத்தேன். ஜீப் ஒரு தரம் உதறியது. பிறகு நகர்ந்தது. இழுத்து இழுத்து, ஒற்றைச் சில்லில், எங்கள் படலையைத் தாண்டிப் போயே விட்டது.

பிடி டிபரன்சல் மற்றச் சில்லையும் சேர்த்து இழுக்கும் என்று வாய் ஓயாமல் சொன்ன மனிதருக்கும், அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்த எனக்கும், ஒரு பக்கத்து எக்சலே இல்லாவிட்டாலும் அது இழுக்கும் என்று தோன்றவில்லை. அவர் வந்து கேட்டுவிட்டு நிலத்தில் உட்கார்ந்தார்.

"ஒத்தை எக்சல்லயா போன?" என்று கேட்டார்.

போனது என்றேன். அப்படியென்றால் நான் சரியாகத்தான் பூட்டியிருக்கிறேன் என்று மெல்லச் சொன்னார். அந்த எக்சலைத் தூக்கி அவர் மேல் எறிய வேண்டும் போல எனக்கு ஆத்திரம் வந்தது. 

இரண்டு நாள் விடாமல் பெய்தது. அடுத்த நாள் பகலில் மகளுக்கு இழுக்கத் தொடங்கியது. உதடு நிறம் மாறுவதைப் பார்த்ததும் அவர் கதிரையில் தடி கட்டத் தொடங்கினார், அவளை அதில் இருத்தித் தூக்கிக்கொண்டு போக. முழங்கால் அளவு களியில் அது எவ்வளவு நேரம் ஆகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அப்போதுதான் படலையில் ஜீப்பின் சத்தம் கேட்டது.

அதே ஆட்கள். தட்டுகள் கருகிய மணம் முற்றம் வரை அடித்தது. ஜீப் இழுக்குதில்லை, ஏதோ ஒரு சாமான் குறைகிறது, அதைத் தரச் சொல்லி வந்திருந்தார்கள். இவர் அந்த மணத்தை முகர்ந்ததும், தட்டெல்லாம் எரிந்துபோகுமே என்று எக்சலை எடுக்க உள்ளே ஓடப் பார்த்தார். நான் குறுக்கே நின்றேன்.

"எக்சல் தாறன் தம்பி. முதல்ல என்ட புள்ளையத் துறைக்குக் கொண்டு போங்க. மறுகா ஜீப்ப நீங்களே வச்சிக்கொள்ளுங்க."

அவன் என் பின்னால் கதிரையில் கிடந்த பிள்ளையைப் பார்த்தான். ஏறுங்கள் அக்கா என்றான்.

மழையில் குந்தியிருந்து அவர் எக்சலை ஏற்றி ஆறு போல்ட்டையும் இறுக்கினார். ஒவ்வொன்றையும் இரண்டாம் தரமும் இறுக்கிப் பார்த்தார். வேறொருவனுக்குப் போகிற வாகனத்துக்கு இவ்வளவு கவனமா என்று கத்த நினைத்தேன். பிள்ளை ஏறப்போவதும் அதில்தான் என்பது நினைவு வந்தது. பள்ளத்தில் தண்ணீர் சில்லின் பாதிவரை நின்றது. ஜீப் இரண்டு சில்லாலும் மண்ணைப் பிடித்துக்கொண்டு ஏறிப் போனது. அவ்வளவு நன்றாக அது ஓடி நான் பார்த்ததில்லை. துறையில் எங்களை இறக்கிவிட்டுத் திருப்பிக்கொண்டு போனார்கள். தோணி நடு வாவிக்கு வரும்வரை அவர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

மருந்துப் புகை கொடுத்து வெகுநேரம் கழித்துத்தான் இழுப்பு இறங்கியது. அவள் தூங்கிய பிறகு நான் விறாந்தைக்கு வந்தேன். முழங்காலுக்குக் கீழே சேறு காய்ந்து வெடித்திருக்க, அவர் சுவரில் சாய்ந்து நின்றார்.

"இனி அங்கால போக ஏலா. இஞ்சயே ஒரு அறை பாப்பம்" என்றார்.

எத்தனை வருடம் அந்த வார்த்தைக்காகச் சண்டை பிடித்திருப்பேன். கிடைத்தபோது எனக்குச் சந்தோசம் வரவில்லை, அழுகைதான் வந்தது. வட்டை விதைத்துக் கிடக்கிறதே என்று சொன்னது நான்தான், அவர் இல்லை.

"கிடக்கட்டும்" என்றார்.

அந்தப் போகத்து நெல்லை யார் வெட்டினார்கள் என்று நாங்கள் யாரிடமும் கேட்கவில்லை.