அம்மாவுக்குத் தெரிந்துதான் இருந்தது

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு நிறைவடையும் இந்நாளில், இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். போன ஆண்டு துக்கத்துக்கு வந்த உங்களில் பலர் என்னைத் தனியே அழைத்து ஒரே கேள்வியைக் கேட்டீர்கள்: "நோவு இன்னான்னு அவளுக்குத் தெரியுமாடி?" அன்று பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை. இங்கே எழுதுகிறேன்.

அம்மா திருவாலங்காட்டுக்கு அருகில், வயலில் கூலி வேலை செய்த குடும்பத்தில் பிறந்தார். ஒரு நாள்கூடப் பள்ளிக்குப் போனதில்லை. திருமணமாகி கும்மிடிப்பூண்டிக்கு வந்தார். அப்பாவுக்கு இரும்பு ஆலையில் ஷிப்ட் வேலை. அம்மா ஒரு தொழிற்சாலை கேன்டீனில் விடியற்காலையில் காய் நறுக்கிக் கொடுத்துவிட்டு ஒன்பது மணிக்கு வீடு திரும்புவார்.

தங்கை ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது அவளுக்கு வலிப்பு வரத் தொடங்கியது. மூன்றாவது முறை வகுப்பிலேயே விழுந்ததும், இனி அனுப்ப வேண்டாம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். அம்மா சண்டை போடவில்லை. ஆறாம் வகுப்பில் இருந்த என்னையும் சேர்த்து நிறுத்திவிட்டார்.

"பெரியவள ஏன் நிறுத்தன? அவளுக்கு இன்னா வந்துது?" என்று அப்பா கேட்டார்.

"சின்னவள மட்டும் ஊட்ல வெச்சா அவ நோயாளி. ரெண்டு பேரையும் வெச்சா அது பள்ளிக்கூடம்."

"அப்போ டீச்சரு?" என்றார் அங்கிருந்த சித்தப்பா.

"நான்தான்."

"கையெழுத்து போடத் தெரியாத டீச்சரு! நல்லா கீது அண்ணி உங்க ஸ்கூலு."

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வாரத்தில் ஏழு நாளும் வகுப்பு இருந்தது. திங்கட்கிழமை பேருந்தில் போய் நூலகத்தில் உட்காருவோம். செவ்வாயன்று வீட்டில் கணக்கு. பக்கத்துத் தெருவில் கல்லூரி படித்த அக்கா ஒருவர் வந்து சொல்லிக்கொடுப்பார். புதன்கிழமை சோழவரம் ஏரிக்கரை. அங்கே பார்த்த பறவைகளை வரைந்து, பெயர் தெரியாதவற்றை அடுத்த திங்களன்று நூலகத்தில் தேட வேண்டும். வியாழனன்று தேவாலய வளாகத்தில் கணினி வகுப்பு. வெள்ளிக்கிழமை பெரியபாளையம் கோயில் அருகே பூ விற்ற பெரியம்மாவின் கடை. வரும் பக்தர்களிடம் எந்த ஊர் என்று கேட்டு வரைபடத்தில் புள்ளி வைப்போம். எனக்குப் புவியியல் வந்தது அப்படித்தான். சனிக்கிழமை தங்கையின் மாத்திரைக்காகத் திருவள்ளூர் மருத்துவமனை. அந்த வரிசையில் நின்றுகொண்டே ஆங்கிலம் படித்தோம். ஞாயிறு மட்டும் வெளியே போக மாட்டோம். வாரம் முழுவதும் படித்ததை அன்று ஒப்பிக்க வேண்டும்.

பேருந்தில் இடம் கிடைத்தால் அம்மா உடனே தூங்கிவிடுவார். ஒரு கை மட்டும் தங்கையின் மணிக்கட்டைப் பிடித்திருக்கும். நடத்துநர் எழுப்புவார்.

"இன்னாக்கா, இன்னிக்கு ஸ்கூலு எந்த ஊர்ல?"

"உன் பஸ்லதான்பா. அட்டென்டன்ஸ் போட்டுக்கோ."

எங்களுக்கும் அலுத்துத்தான் போகும். காலும் வலிக்கும். "ஒரு நாள் சும்மா இருக்கலாம்மா" என்பாள் தங்கை. "நாளிக்கு இருக்கலாம்" என்பார் அம்மா. அந்த "நாளிக்கு" வந்ததே இல்லை.

படிக்கத் தெரியாத அவர் எங்களைச் சோதித்த விதம் பலருக்குத் தெரியாது. ஒரே பக்கத்தை எங்கள் இருவரிடமும் கொடுப்பார். ஒருத்தி சமையலறையில் அவரிடம் படித்துக் காட்டும்போது மற்றவள் வெளியே நிற்க வேண்டும். பிறகு அடுத்தவளின் முறை. இருவர் சொன்ன பொருளும் ஒத்துப்போனால் சரி. ஒத்துப்போகாவிட்டால் இருவருமே மறுபடி படிக்க வேண்டும். அடுப்பைப் பார்த்தபடியே கேட்பார். நான் அவசரத்தில் வார்த்தைகளை விழுங்குவேன். தங்கை நீளமான சொல்லில் நின்று மூச்சு வாங்குவாள். இரண்டையும் சேர்த்து அவர் ஒரு பாடத்தைப் புரிந்துகொள்வார்.

இப்படித்தான் நான் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தும் பன்னிரண்டும் எழுதினேன். கல்லூரியில் வேதியியல் படித்தேன். அப்பா வழி, அம்மா வழி இரண்டிலும் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். இன்று ஒரு தொழிற்சாலை ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். இதைப் பெருமையாகவே எழுதுகிறேன்.

நான் வேலைக்குப் போன பிறகும் தங்கைக்காக அந்த வாரம் அப்படியே ஓடியது. அம்மா மெலிந்துகொண்டே வந்தார். ஏரிக்கரையில் பாதி வழியில் உட்கார்ந்துவிடுவார். ஒரு சனிக்கிழமை, தங்கைக்கு மாத்திரை வாங்கப் போன இடத்தில், நான் கட்டாயப்படுத்தி அவரையும் மருத்துவரிடம் காட்டினேன். அடுத்த வாரம் ஸ்கேன் அறிக்கை வந்தது. வயிற்றில் கட்டி, கல்லீரலுக்கும் பரவியிருந்தது.

"அவகிட்ட சொல்லாதீங்க. தாங்க மாட்டா" என்றார் அப்பா. வயிற்றுப்புண், மாத்திரையில் சரியாகிவிடும் என்று சொல்வதாக நானும் தங்கையும் பேசிக்கொண்டோம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அந்த அறிக்கையை என்னிடம் நீட்டினார். தங்கையை வெளியே போகச் சொன்னார். நான் "படித்தேன்". பிறகு அவளை அழைத்து என்னை வெளியே அனுப்பினார். கடைசியில் இருவரையும் எதிரில் உட்கார வைத்தார்.

"இங்கிலீசுல கீற காயிதத்த சின்னவ ஒரு எடத்துலகூட நிக்காம படிக்கறா. நீயும் அவளும் வார்த்த மாறாம சொல்றீங்க. இது படிச்சதில்ல. பேசிவெச்சுக்கினு வந்தது."

நான் அறிக்கையை மடித்து வைக்கப் போனேன்.

"இத்தினி வருசம் உங்கள இட்டுக்கினு ஊர் ஊரா சுத்தனது, எனக்கே பொய் படிச்சுக் காட்டவா? படிடி."

படித்தேன். ஆங்கிலத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி. இரண்டாவது பக்கத்தில் காகிதத்தைத் தங்கையிடம் நீட்டினேன். தங்கை வாங்கி, நின்று நின்று முடித்தாள்.

"எத்தினி நாளுன்னு போட்டுக்கீதா?"

"அது இதுல இல்லம்மா."

"இல்லாதத சொல்ல வேணாம்."

சுவரில் சாய்ந்துகொண்டார். பிறகு சொன்னார்: "அப்போ இது நோவு. ரெண்டு வருசமா நான் சோம்பேறி ஆயிட்டேன்னு நெனச்சு என்னையே திட்டிக்கினு இருந்தேன்."

திங்கட்கிழமை அவர் கேன்டீனுக்கும் போகவில்லை, நூலகத்துக்கும் கிளம்பவில்லை. பாய் விரித்துப் படுத்தார். நண்பகல் வரை தூங்கினார். எழுந்தபோது, "மணி இன்னா? ஏன் எழுப்பல?" என்றார். வேலை ஒன்றும் இல்லை என்றோம். "சரி" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் பார்க்க அவர் பகலில் படுத்தது அன்றுதான். நாங்கள் சொன்ன பொய் நின்றிருந்தால் அன்றும் பேருந்தில்தான் இருந்திருப்பார்.

ஆகவே, கேட்டவர்களுக்குப் பதில்: ஆம், தெரியும். உங்கள் எல்லாரையும் விட முன்பே, முழுவதுமாகத் தெரியும். அதன்பின் நான்கு மாதம் இருந்தார்.

இரத்தம் கொடுத்த அப்பாவின் ஆலைத் தோழர்களுக்கும், வாரம் தவறாமல் வந்த பெரியம்மாவுக்கும், இரவும் பகலும் முகம் சுளிக்காத செவிலியர்களுக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது. இன்னும் சிலருக்கும் நன்றி சொல்ல வேண்டும். வெகுதூரத்திலிருந்து பார்க்க வந்து, அம்மா தூங்குவதைக் கண்டு, எழுப்பாமல் வாசலோடு திரும்பிப் போனவர்களே, உங்களுக்கு.