பன்னிரண்டு விழுந்தால் சம்மதம்

1973-ல் கோமளத்துக்கு வயது இருபத்தொன்பது. மயிலாப்பூரிலிருந்து பஸ் பிடித்து, ராயப்பேட்டையில் ஒரு தனியார் புள்ளிவிவர அலுவலகத்தில் கணக்குப் போடும் வேலை. மதியச் சாப்பாட்டுக்குப் பின் இருபது நிமிஷம், கூட வேலை பார்க்கும் இருவரோடு அவளே உண்டாக்கிய விளையாட்டு நடக்கும்.

ஆளுக்கொரு வேஷம். தனபாலன் கப்பல் வியாபாரி. அப்துல் கஃபார் கொள்ளைக்காரன். கோமளம் தீவின் ராணி. என்ன செய்யப்போகிறோம் என்று சொல்ல வேண்டும். அது நடக்க எந்த எண் விழ வேண்டும் என்பதைக் கோமளம் சொல்வாள். பிறகு இரண்டு பித்தளைத் தாயக்கட்டைகளை உருட்டலாம், நாளுக்கு ஒரே தடவை. சுலபமான காரியத்துக்கு மூன்று. அது பதினாறு வழிகளில் நான்கில் விழும். அரிய காரியத்துக்குப் பன்னிரண்டு. இரண்டு கட்டைகளிலும் வெற்றுப் பக்கம் வர வேண்டும், பதினாறில் ஒன்று.

ஜூலையில் ஒரு நாள் தனபாலன், "ராணியக் கல்யாணத்துக்குக் கேக்கறேன்" என்றான். தி.நகர் ஜவுளிக்கடைக் குடும்பத்துப் பிள்ளை, காது சிவந்திருந்தது. அவன் விளையாடவில்லை என்று கோமளத்துக்குப் புரிந்தது.

"பன்னிரண்டு" என்றாள்.

"இன்னா மேடம், கப்பலையே கவுத்துட்டீங்க!" என்றார் கஃபார். "வா நைனா, என்கூட கொள்ளையடிக்க வந்துடு."

கோமளத்தின் கணக்கு வேறு. தினமும் உருட்டினால் ஒரு மாதத்தின் இருபத்தைந்து வேலை நாளில் பன்னிரண்டு விழ ஐந்துக்கு நான்கு பங்கு வாய்ப்பு. வீட்டில் பேச அவளுக்கு அந்த ஒரு மாதம் வேண்டும். மூன்று என்றால் நாளைக்கே விழுந்துவிடலாம்.

ஒன்பது நாள் உருட்டினான். விழவில்லை. அந்த ஒன்பது நாளும் அழுத அம்மா, பத்தாம் நாள் காலை, "உன் இஷ்டம்" என்றாள். அன்று மதியம் தனபாலன் விளையாட வரவில்லை. கோமளம் அவன் மேஜைக்கே போனாள்.

"மதுரைக்கு டிரான்ஸ்பர் கேட்டுட்டேங்க. அங்க பொண்ணு பாத்திருக்காங்க. நேத்து சரின்னு சொல்லிட்டேன்."

"நான் வேண்டாம்னு சொல்லலையே!"

"பன்னெண்டுன்னீங்க. பதினாறுல ஒண்ணுன்னு சொல்லிக் குடுத்ததும் நீங்கதான். வேற எப்படிங்க எடுத்துக்கறது?"

"ஒரு தடவைக்குத்தான் அது. தெனம் போட்டுண்டே இருந்தா விழுந்துடும். ஒரு மாசம் போறும்னு நெனச்சேன்."



"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, கோமளம்." அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "இப்ப வாக்குக் குடுத்தாச்சு."

சாயங்காலம் அம்மா காப்பியை நீட்டியபடி கேட்டாள்: "அந்தப் பிள்ளைய என்னிக்கு ஆத்துக்கு அழைச்சுண்டு வரே?"

"மதுரைக்குப் போறார்மா."

"சரி, எப்போ திரும்பி வரார்?"