பல்கலைக்கழக விசிலா, கிளப் விசிலா?

கூடைப்பந்துப் பயிற்சியாளர் வேலை என்பது பந்தைத் தொடாமலே தோற்கிற வேலை. மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் நடுவில் நசுங்கிப் பிழைக்கிற உங்கள் எல்லோருக்கும் இது புரியும்.

மெல்பேண் புறநகரான டண்டினொங்கில் தொழிற்சாலையொன்றில் வேலைநிறுத்தம் நடத்தி வெளியேற்றப்பட்டவன் நான். துண்டுப்பிரசுரங்களைத் தவிர வேறெதையும் படித்ததில்லை, அதுவே போதுமாயிருந்தது. தொழிற்சாலை அணியைப் பழக்கிய அனுபவத்தில், மெல்பேணில் ஒரு பல்கலைக்கழகப் பெண்கள் அணிக்கு வந்து சேர்ந்தேன். ஒன்பது வருடமாக, ஒவ்வொரு செமஸ்டருக்கும் ஒரு புது ஒப்பந்தம். இந்தக் குளிர்காலத்தில் ஒரு தொழில்முறைக் கிளப் என்னை அழைத்தது. உதவிப் பயிற்சியாளர் பதவி, மூன்று வருடம் நிச்சயம், வெள்ளிக்கிழமைக்குள் பதில்.

விளக்கு

பல்கலைக்கழக உள்ளரங்கில் ஆள் அசைந்தால்தான் விளக்கு எரியும். சிக்கனமாம். எதிர்த்து நோட்டீஸ் அடித்தேன், ஒருவரும் வாசிக்கவில்லை. அன்று பயிற்சிக்கு முன்னால் தனியாக நின்று கிளப்பின் கடிதத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே விளக்கு அணைந்தது. நானும் வீம்புக்கு அசையாமல் நின்றேன். சற்று நேரத்தில் மறுகோடியில், ஆளில்லாத வளையத்தின் கீழே, ஒரு விளக்கு எரிந்தது. பிறகு அடுத்தது. என்னை நோக்கி யாரோ நடந்து வருகிற வேகம். பாதி அரங்கோடு நின்றுவிட்டது.

அந்த நேரம் அணித்தலைவி நிரோஷா கதவைத் திறந்தாள். வெளிச்சத்தைப் பார்த்தாள், இருட்டில் நின்ற என்னைப் பார்த்தாள். "அங்கிள், லைட் உங்களை ஆளாக் கணக்கெடுக்கேல்லைப் போல. கையை ஆட்டுங்கோ. அங்கால நிக்கிறது ஆர்?"

கைதட்டல்

கிளப்பைச் சுற்றிக்காட்ட வந்தவர் கார்த்திக்; கோயம்புத்தூர்க்காரர், கணினியில் ஆட்டங்களை ஆராய்கிறவர். நண்பகல், அரங்கில் ஒரு குருவிகூட இல்லை. ஆயிரக்கணக்கான வெற்று இருக்கைகளிலிருந்து திடீரென ஆரவாரம் எழுந்தது. பதிவு செய்த சத்தம், ஆட்டக்காரர்களைப் பழக்குவதற்காம். அடுத்து ஒலிபெருக்கி உதவிப் பயிற்சியாளரின் பெயரை அறிவித்தது. என் பெயர். கைதட்டல் கூரையில் முட்டியது.

நான் இன்னும் கையெழுத்தே போடவில்லையே என்றேன். கார்த்திக் சிரித்தார். "பயப்படாதீங்க சார். நீங்க வரலைன்னா வேற பேரைப் போட்டுக்குவோம். கைதட்டல் அதேதான்."

ஏழாம் இலக்கம்

கிளப்பில் ஆட்டக்காரர் ஒவ்வொருவரின் உடுப்பிலும் ஒரு கருவி உண்டு. மாடி அறைத் திரையில் அவர்கள் புள்ளிகளாக ஓடுவார்கள். அன்று ஆடுகளம் காலி. ஆனால் வளையத்துக்கு எதிரேயுள்ள இலவச எறிகோட்டில் ஒரு புள்ளி நின்றது. ஏழாம் இலக்கம். அந்த இலக்க ஆட்டக்காரியை அன்று காலைதான் அணியிலிருந்து நீக்கியிருந்தார்கள். கருவியைக் கழற்றி வாங்கி அலுமாரியில் பூட்டியும் ஆயிற்று.

வேலையிழந்தவர்கள் ஒரு வாரம் வரை தொழிற்சாலை வாசலில் வந்து நிற்பதை நான் கண்டிருக்கிறேன், அவர்களோடு நின்றுமிருக்கிறேன். அதனால் வேறொரு கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, அந்தக் கோட்டிலேயே போய் நின்றேன். ஒன்றுமில்லை, பாதம் மட்டும் சில்லிட்டது. மேலே வந்தபோது கார்த்திக் திரையிலிருந்து விலகி நின்றிருந்தார். "சார், நீங்க வந்ததும் அது ரெண்டடி தள்ளி நின்னு உங்களுக்கு எடம் விட்டுச்சு. க்யூல நிக்கிற மாதிரி."

வாக்கெடுப்பு

வியாழன் பின்னேரம் மாணவிகளிடம் விஷயத்தைச் சொன்னேன். என் அணியில் எந்த முடிவும் இரகசிய வாக்கெடுப்பில்தான். பதினொரு பேர், பதினொரு துண்டுத் தாளை நானே வெட்டிக் கொடுத்தேன். பெரும்பான்மைக்குக் கட்டுப்படுவேன் என்றும் அறிவித்தேன். நிரோஷா எல்லோருக்கும் கேட்க, "போங்கோ அங்கிள், அங்க சிக் லீவாவது தருவினம்" என்றாள்.

வாக்குகளைப் போட்ட சப்பாத்துப் பெட்டியைத் திறந்து எண்ணினோம். பன்னிரண்டு. மறுபடி எண்ணினோம். பன்னிரண்டு. பதினொன்றில் ஆங்கிலத்தில் 'போ' என்றிருந்தது. ஒன்றில் தமிழில், அழுத்தமான எழுத்தில், 'போகாதே'. என்னைத் தவிர அந்த அரங்கில் தமிழ் ஆள் நிரோஷா மட்டும்தான். அவளும் இங்கே பிறந்தவள். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அங்கிள், நான் தமிழ் கதைப்பன், வாசிக்கத் தெரியாது. இதில என்ன கிடக்கு?"

வாழ்நாள் முழுக்கப் பெரும்பான்மைக்காகத் தொண்டை கிழியக் கத்தியவன், யார் போட்டதென்று தெரியாத ஒற்றை வாக்குக்குக் கட்டுப்பட்டு இன்னமும் பல்கலைக்கழகத்திலேயே விசில் ஊதிக்கொண்டிருக்கிறேன்.