மாடி இல்லாத வீட்டில் ஒரு மௌனம்

பெண் கேட்டு வருகிறவர்கள் கோலார்ப் பக்கத்துக் கன்னடக்காரர்கள். பையனின் அம்மாவுக்குத் தாய்மொழி தெலுங்கு. பையன், பெங்களூர் ரயிலில் தினமும் என் மகளுக்கு இடம் பிடித்துக் கொடுத்தே அவள் மனத்திலும் இடம் பிடித்தவன். "டாடி, பேச்சு முடியற வரைக்கும் உங்க ஜோக்குக்கு லீவு வுடுங்க" என்று மகள் முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

ஜோக்கை நிறுத்தலாம். சொற்களை என்ன செய்வது? ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதியில் மூன்று மொழிகளையும் ஒரே வாயில் மென்று திரிகிறவன் நான். அன்றுதான் முதன்முதலாகப் பயம் பிடித்தது. மாடி என்று ஒரு சொல். நமக்கு மேல்தளம். கன்னடத்தில் 'செய்யுங்கள்'. தெலுங்கில் 'தீய்ந்து'. ஒன்றுக்கொன்று உறவே கிடையாது. ஒரே துணியில் சட்டை தைத்துக்கொண்டு பஸ்ஸில் எதிர்ப்பட்ட மூன்று அந்நியர்கள். எங்களுடையதோ ஊரிகத்தில் தங்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு. தகரக் கூரைக்கு மேல் வானம்தான். மாடியைப் பற்றிப் பேச வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் வியர்த்தது. தெரிந்தது இது ஒன்று. தெரியாதவை எத்தனை இருக்கும்? வாயைத் திறக்காமல் இருப்பதே பத்திரம் என்று முடிவு கட்டினேன்.

வந்தார்கள். கும்பிட்டேன், சிரித்தேன். பையனின் அப்பா மழையைப் பற்றிக் கேட்டார், தலையாட்டினேன். உடம்பு எப்படி என்றார். அதற்கும் அதே ஆட்டம். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த மனைவி, எனக்கு நெஞ்சுவலி என்றே நினைத்துவிட்டாள்.

பையனின் அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்தார். "இவரிகே இஷ்ட இல்வா?" என்று மகனிடம் மெதுவாகக் கேட்டார். எனக்கு விருப்பம் இல்லையாம். என் மகளின் கண் கலங்கிவிட்டது.

"ஐயோ, ரொம்ப இஷ்டம்மா" என்று தொடங்கினேன். அதற்கப்புறம், சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து, கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறுகிற ஆட்கள் போல மூன்று மொழியும் முண்டியடித்துக்கொண்டு மேலே வந்தன. பயந்த கதையை, இல்லாத மாடி உட்பட, கொட்டித் தீர்த்தேன். பையனின் அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

மனைவி பாயசம் கொண்டுவந்தாள். பையனின் அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "மாடிப்போயிந்தி" என்றார். என்னையே கவனித்து நின்றதில் மனைவி அடுப்பைக் கோட்டைவிட்டிருந்தாள். பாயசம் அடிப்பிடித்திருந்தது.

"இன்னா பண்றது, இவரு பேசாம இருந்தா எனக்குக் கையே ஓடாது" என்றாள் மனைவி.

அந்த அம்மா கிண்ணத்தை மறுபடி நீட்டினார். "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க. சம்பந்தி பேசட்டும்" என்றார், தமிழிலேயே.

மகள் என் பக்கம் குனிந்தாள். "டாடி, லீவு முடிஞ்சிச்சு."